லாரியில் ஏறாதவள்

லாரியின் பின்கதவை மற்ற டிரைவர்கள் இறக்குவதில்லை, விழவிடுவார்கள். கொண்டியைத் தட்டிவிட்டு ஓர் அடி விலகிக்கொண்டால் கதவு தடாலென்று தொங்கும், சங்கிலி இரண்டு முறை அடித்துக்கொண்டு அடங்கும். டிரைவர் அண்ணாச்சி மட்டும் இரண்டு கைகளாலும் தாங்கிச் சத்தமில்லாமல் இறக்குவார். பிறகு பலகையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "ஏறுங்க" என்பார். முதல் முறை இதைப் பார்த்தபோது நாங்கள் நாக்பூருக்கு அந்தப் பக்கம், சரக்கு இறக்கிய வெறும் வண்டியோடு ஒரு புளியமரத்தடியில் நின்றோம். வெயில் கொளுத்தியது. சாலையில் ஓர் ஆள் கிடையாது. யாரைக் கூப்பிடுகிறார் என்று கேட்டேன். "நம்ம கதையில உள்ளவிய" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கோவில்பட்டியில் பிறந்தேன் என்பதைத் தவிர எனக்கும் அந்த ஊருக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. புரோட்டாக் கடை, சாயப்பட்டறை, ஆந்திராவில் போர் போடும் வண்டி என்று எதிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. முப்பது வயதில் கையில் லைசென்ஸ் இருந்ததால் தீப்பெட்டி பண்டல் ஏற்றும் லாரியில் மாற்று டிரைவராகச் சேர்ந்தேன். அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், காலனியில் பிறந்தவர். நல்ல கறுப்பு. அந்த முகத்தில் சாம்பலும் பச்சையும் கலந்த பூனைக்கண்கள். சோதனைச்சாவடியில் பேப்பரைப் பார்க்கும் போலீஸ்காரர்கள்கூட ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்கள். சின்ன வயதில் ஊரில் அவரை வெள்ளைக்காரா என்றுதான் கூப்பிடுவார்களாம். அவருடைய அப்பாவுக்கும் அதே கண், அதே பட்டப்பெயர்.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதுதான் அவர் கதை. எங்கோ டி.வி.யில் பாதியில் பார்த்த ஒரு படத்தில் மனிதர்கள் பழைய காலத்துக்குப் போய்வந்தார்களாம். அதைத் தன் லாரிக்கு மாற்றிக்கொண்டார். எப்போதும்வென்றானைத் தாண்டி ஒரு ஓடைப்பாலம் உண்டு. கதையில் வரும் டிரைவர், கரிசல் புழுதி எழும்பிக் கண்ணை மறைக்கும் ஒரு மத்தியானம், முதல் கியரில் அந்தப் பாலத்தைக் கடக்கிறான். புழுதி அடங்கும்போது தார் இல்லை, காற்றாலைகள் இல்லை, வண்டித்தடம்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடக்கிறது. அவனுடைய அப்பாவைப் பெற்றவரையும் பெற்றவள் அங்கே உயிரோடு இருக்கிறாள், இருபது வயதில், ஒரு பண்ணைக்கு அடிமையாக. ஆடி பிறந்ததும் பண்ணை வாசலில் குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். மரக்காலால் அளந்து போடும் கம்பை முந்தியில் ஏந்தியவர்கள் அடுத்த ஆடி வரை அந்த வீட்டு ஆள். ஏந்தாமல் போனவர்கள் யாரும் கிடையாது. பருத்தி வாங்கவும் கொட்டை நீக்கவும் கொட்டகை போட்டிருந்த வெள்ளைக்காரத் துரைக்கு வீடு பெருக்க ஆள் தேவைப்பட்டது. பண்ணையார் அவளை அனுப்பினார், உழவுமாட்டை இரவல் கொடுப்பது மாதிரி.

கதையின் டிரைவர் அவளைக் கூட்டிவரப் போகிறான். ஒரே ஒரு விதிதான். அவளாக ஏற வேண்டும், தூக்கிப் போடக் கூடாது. நாங்கள் ஓட்டிய ஒவ்வொரு நடையிலும் அவன் பின்கதவை இறக்கினான், ஒவ்வொரு நடையிலும் அவள் ஏறவில்லை. ஒரு தடவை லாரியைப் பார்த்தே பயந்து ஓடினாள். ஒரு தடவை பருத்தி எடுப்பு முடியவில்லை என்றாள். இன்னொரு தடவை துரை துப்பாக்கியோடு வந்தார். அதற்கடுத்த தடவை அதே துரை நல்லவராகி, அவளுக்குப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொடுத்தார், லாரியைப் பார்த்ததும் தானே முதல் ஆளாக ஏறிக்கொள்ளவும் தயாரானார். ஹோஷங்காபாத் போகும் வழியில் அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. ஆனால் ஒரு தடவை அவள் கேட்டது இப்போதும் நினைவில் நிற்கிறது. பலகையில் கை வைத்துவிட்டாளாம். வைத்த கையை எடுக்காமல், "அங்கன வந்தா நான் ஆரு வீட்டு ஆளு?" என்று கேட்டாளாம். கதையின் டிரைவர் பதில் தேடிக்கொண்டே வெறும் வண்டியோடு திரும்பினானாம்.

எனக்குக் கதையில் ஒரு சந்தேகம் இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன், அவளுக்குத் துரை மேல் பிரியம் இருந்திருக்கலாம் அல்லவா என்று. ஒரு ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோதுதான் வாய் திறந்தார். "ஏலே, வேண்டாம்னு சொல்ல முடியாத எடத்துல நின்னுக்கிட்டு ஒருத்தி சரின்னு சொன்னா, அதுக்குப் பேரு சரியா?" நான் பேச்சை மாற்றுவதற்காக, அவளைக் கூட்டிவந்துவிட்டால் துரைக்குப் பிள்ளை பிறக்காது, அப்புறம் நீங்கள் எப்படிப் பிறப்பீர்கள் என்றேன். "பொறக்காட்டாப் போகுது. பொறந்து என்னத்தக் கிழிச்சிட்டேன், உங்கூட வண்டி ஓட்டுதேன்" என்றார்.

இந்தக் கதை ஏன் தொடங்கியது என்பது எனக்கு முதல் மாதத்திலேயே தெரியும், அவரே சொல்லியிருந்தார். அவருக்கு ஒரே மகள், அதே கண்கள். தையல் படிக்கப் போன இடத்தில், நிலமுள்ள வீட்டுப் பையன் ஒருவன் அந்தக் கண்களைப் பார்த்துப் பின்னால் சுற்றி, பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பழைய பண்ணையாரின் பங்காளி வழியில் வந்த வீடு அது. ஒற்றைப் பிள்ளை பூச்சி மருந்தைக் கையில் எடுத்ததால் பெண்ணை உள்ளே விட்டார்கள். நல்ல பையன்தான், அம்மா இருக்கும் இடத்தில் மட்டும் அவனுக்கு வாய் வராது. அவள் அங்கே சாணம் அள்ளுகிறாள், அடுப்படிக்குள் விடுவதில்லை, எல்லோரும் சாப்பிட்ட பிறகு கொல்லையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லக் கேட்டதிலிருந்து அண்ணாச்சி ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். போவதற்குத்தான் அவருக்குக் கால் வரவில்லை. இரண்டு வருடம் கதைக்குள்ளேயே போய்வந்துகொண்டிருந்தார்.

ஓர் ஐப்பசியில், தூத்துக்குடியில் சரக்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது, டீசல் போட்ட இடத்தில் முகம் கழுவி, பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்து உடுத்தினார். வண்டியை மகள் இருந்த ஊருக்குள் திருப்பச் சொன்னார். தெரு குறுகல் என்பதால் ஊர் முகப்பில் நிறுத்தினோம். மகளுக்கு அவர் கொடுத்தனுப்பிய தையல் மிஷினையும் பீரோவையும் ஏற்ற வேண்டுமென்று பின்கதவை இறக்கி அப்படியே விட்டுவிட்டு நடந்தார். முதல்நாள் மழை பெய்திருந்தது. கரிசல் சேறு செருப்பைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேருமே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். சிமெண்டுத் தெரு வந்ததும் நான் காலை உதறிப் போட்டுக்கொண்டேன். அவர் போட்டுக்கொள்ளவில்லை. தெருக் கடைசிவரை செருப்பு அவர் கையிலேயே இருந்தது. எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை.

பையன் மருந்தடிக்கக் காட்டுக்குப் போயிருந்தான். மாமியார்க்காரிதான் வெளியே வந்தாள். என்னைப் பார்த்து எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். சொன்னேன். உள்ளிருந்து நாற்காலி வந்தது. நான் முன்பக்கப் பட்டாசாலையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சியைக் காணோம். யாரும் சொல்லாமலே பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போயிருந்தார். நடை வழியே பார்த்தால் கொல்லை முழுதும் தெரிந்தது. மகள் உள்ளிருந்து ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் காப்பி கொண்டுவந்து, ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு மற்றதைக் கொல்லைக்கு எடுத்துப்போனாள். அவர் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் குடித்தார். குடித்து முடித்ததும், வாளியில் தண்ணீர் மொண்டு டம்ளரைக் கழுவினார். சுற்றுச்சுவரில் ஒரு மாடக்குழி இருந்தது. நசுங்கிய தட்டு ஒன்று அதில் சாய்ந்திருந்தது. அந்த வீட்டுக்கு அவர் முன்பின் வந்ததில்லை, ஆனாலும் கை தானாகப் போய் டம்ளரை அந்தத் தட்டின் பக்கத்தில் கவிழ்த்தது. நான் குடித்த டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தேன். மாமியார்க்காரி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மகள், அவர் கவிழ்த்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எப்பா, அது என் டம்ளரு. ரெண்டு வருசமா அவிய அத வெளிய எடுத்து வைக்காவ, நான் உள்ள கொண்டுபோய் வைக்கேன். காய்ச்சல்ல கெடந்தப்பகூட எந்திரிச்சுப் போய் வச்சிருக்கேன். ஒரு நாளு விட்டதில்ல." அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. "நீங்களே கழுவிக் கவுத்திட்டீங்களே" என்றாள்.

வா தாயி, போவோம், வண்டி நிற்கிறது என்று அவர் சொன்னது எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. அவள் சொன்னது நன்றாகக் கேட்டது. "இப்ப வந்தா தோத்துப்போய் வந்ததா ஆயிரும். நீங்க போங்க." மாமியார்க்காரி நடையில் வந்து நின்றிருந்தாள். கத்தவெல்லாம் இல்லை. அவரிடம் பேசாமல் என்னிடம் பேசினாள். "பாத்தீயளா தம்பி, பெத்தவிய எடம் அறிஞ்சு நடக்காவ. இந்தப் பிள்ளைக்குத்தான் சொல்லிச் சொல்லி மாளல." நான் எழுந்து நின்றேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். காப்பி நன்றாக இருந்தது என்றுதான் வாயில் வந்தது, அதையும் சொல்லாமல் வந்தேன்.

நாங்கள் திரும்பி வரும்போது, திறந்து கிடந்த பின்கதவு வழியாக ஏழெட்டுப் பிள்ளைகள் ஏறி லாரிக்குள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. எந்தத் தெருப் பிள்ளைகள் என்று தெரியவில்லை. அண்ணாச்சி அவர்களை விரட்டவில்லை. அவர்களாக இறங்கும்வரை செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு கதவைத் தூக்கிக் கொண்டியைப் போட்டார். ஓடைப்பாலம் வந்தது. எப்போதும் அங்கே விளையாட்டுக்காக முதல் கியருக்கு மாற்றுவார். அன்றைக்கு வந்த வேகத்திலேயே கடந்தார். எட்டயபுரம் தாண்டிய பிறகு, கதை அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முடிஞ்சு போச்சு. கூட்டிட்டு வரப்போன பயலே அங்கன போனதும் முந்தியை விரிச்சு நின்னுட்டான்."

அதற்குப் பிறகு அவர் கதை சொல்லவில்லை. பின்கதவை மற்றவர்களைப் போலவே தட்டிவிடத் தொடங்கினார். வண்டிக்குள் வேறு பேச்சும் குறைந்தது. எனக்கு எப்போதும் வரும் நமைச்சல் வந்தது, மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டுக் கர்நாடகாவுக்குப் போய்விட்டேன். அவர் சர்க்கரையில் ஒரு காலை இழந்து, வண்டியை விட்டு, வீட்டில் கிடந்து இறந்துபோன செய்தி ஒரு டீக்கடையில் பழைய கிளீனர் ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது. மகள் எழவுக்கு வந்தாளா என்று கேட்டேன். வந்தாள், வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் போய்விட்டாள், மாடு கறக்க வேண்டுமாம் என்றான்.

சென்ற மாதம் ஓட்டப்பிடாரம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். நான் இப்போது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறேன், மக்காச்சோளம் ஏற்றிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். கண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சிறுமி, அவளுக்கும் அதே கண். வண்டியை நிறுத்தி நான் யார் என்று சொன்னேன். அவளுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு முன்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சிதானே என்றாள். மாமியாரைப் பற்றிக் கேட்டேன். பக்கவாதத்தில் விழுந்து நான்கு வருடமாகிறதாம், பேச்சும் போய்விட்டதாம். "எங்கையாலதான் சோறு, தண்ணி எல்லாம். நான் குடிச்சி முடிச்சதும் என் டம்ளர வெளிய வையின்னு கண்ணால காட்டுதாவ." அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்யாததைச் சொல்வதுபோல் சொன்னாள். வைக்கிறாயா என்று கேட்டேன்.

"வச்சிருதேன்" என்றாள்.

அந்தப் பக்கம்தான் போகிறேன், ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியின் பின்கதவைத் திறந்தேன். முன்சீட்டில் இடம் இருந்தது. ஏன் பின்னால் போய்த் திறந்தேன் என்று எனக்குத் தெரியாது. இரண்டு கைகளாலும் தாங்கி மெதுவாகத்தான் இறக்கினேன். சிறுமி ஓடிவந்து பலகையில் ஒரு கையை வைத்தாள், உள்ளே சிதறிக்கிடந்த சோளமணிகளை எட்டிப் பார்த்தாள். தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். பஸ் வந்துரும் அண்ணாச்சி என்றாள். அவளுடைய அப்பா இரண்டு வருடம் சொன்ன கதையை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அதில் ஒருத்தி பலகையில் கை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பாள். இவள் அதைத் திருப்பிக் கேட்டால் சொல்வதற்கு என்னிடமும் ஒன்றும் இல்லை. பஸ் வந்தது, இருவரும் ஏறிப் போனார்கள். நான் கதவைத் தூக்கிக் கொண்டியைப் போட்டேன். சங்கிலி இரண்டு முறை அடித்துக்கொண்டு அடங்கியது.