கையைக் கட்டிக்கொண்டு விளையாடியவர்

மஞ்சக்குட்டை ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்காமலேயே என் கடைப் பக்கம் தலையை நீட்டி, "வெள்ளையண்ணன் போயிட்டாருங்க, காத்தால" என்றார். நான் ஷட்டரைப் பாதி தூக்கியபடி நின்றேன். "எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். அவ்வளவு மடத்தனமான கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. பின்னால் பீன்ஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு விஷயம் ஏறியது. ஷட்டரைத் திரும்ப இறக்கிப் பூட்டிவிட்டு அதே ஜீப்பில் ஏறினேன்.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் சந்தில், ஸ்வெட்டர் கடைக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவில் இருக்கும் என் வீடியோ கேம்ஸ் கடைக்கு வந்து போனவர்களுக்கு வெள்ளையனைத் தெரியாமல் இருக்காது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மஞ்சக்குட்டைக்காரர். காப்பியும் பீன்ஸும் போடும் குடும்பம். ஏற்காட்டுக்கும் குப்பனூருக்கும் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தவர். சவாரி இல்லாத நேரமெல்லாம் என் கடையில்தான் இருப்பார். நான் சேலத்திலிருந்து மேலே வந்து கடை போட்டவன் என்பதால் என்னைக் கடைசி வரை "சேலத்தாரே" என்றுதான் கூப்பிட்டார். இந்த மலையில் என்னோடு அதிகமாகச் சண்டை போட்டவரும் அவர்தான். அந்தச் சண்டையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவரைப் பற்றி அழகாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை.

சண்டை ஒரு பெட்டியை வைத்து. கடையில் மற்ற பெட்டிகளும் இருந்தன. அடிதடிப் பெட்டியில் ஸ்டிக்கை எப்படித் திருப்புகிறோமோ அப்படி ஆள் திரும்புவான், பட்டனை அமுக்கினால் குத்துவான். பழைய பெட்டி ஒன்றை மட்டும் பெங்களூரில் யாரோ கழித்துக் கட்டியபோது வாங்கி வந்தேன். அதற்கு ஜீப்காரர்கள் வைத்த பெயர் சினிமாப் பெட்டி. அதில் கார்ட்டூன் படம் தானாக ஓடும். முதுகில் மூட்டை கட்டிய ஓர் ஆள் மலை ஏறுகிறான். பாறை உருளும், பாலம் அறுபடும், நாய் பாயும். அந்த நொடியில் திரையின் இடது ஓரமோ வலது ஓரமோ பளிச்சென்று மின்னும். மின்னிய பக்கம் ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். தள்ளினால் அவன் பிழைத்து மேலே போவான். தவறினால் சாவான். அவ்வளவுதான் அந்த விளையாட்டு.

அதை விளையாட்டு என்று சொல்வதே எனக்குப் பிடிக்காது. பெட்டி விரலைச் சொடுக்குகிறது, காசு கொடுத்த மனிதன் எழுந்து உட்காருகிறான், இதில் விளையாடுவது யார் என்று கேட்பேன். வெள்ளையன் சிரிப்பார். "உங்க அடிதடிப் பெட்டியில விரல் தேயத் தேயக் குத்தறீங்களே, அதுல ஒண்ணாச்சும் தேவைப்பட்ட குத்துங்களா சேலத்தாரே? இதுல ஒரே ஒரு தட்டு. அது உசுருங்க" என்பார். நான் விட மாட்டேன். "அந்தத் தட்டும் பெட்டி சொல்லித்தானே தட்டறீங்க?" என்பேன். "மலையில யாருங்க தானா வண்டி ஓட்டறாங்க? வளைவு சொல்லுது, நாம ஒடிக்கிறோம். சத்தம் வந்தா ஒதுங்கோணும், வெளிச்சம் வந்தா திருப்போணும். யோசிக்கோணும்னா கரடியூர் வியூ பாயிண்டுக்குப் போயிக் காத்து வாங்கிக்கிட்டு யோசிங்க" என்று முடித்துவிடுவார். கடையில் பாதிப் பேர் அவர் கட்சி, பாதிப் பேர் என் கட்சி. ஓட்டல் ரூம்பாய்கள் என் பக்கம், ஜீப்காரர்கள் மொத்தமும் அவர் பக்கம்.

ஆனால் ஒன்றை மட்டும் நான் கவனித்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். மின்னுவதற்குக் கொஞ்சம் முன்பே அவருடைய கை நகர்ந்துவிடும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது, மனப்பாடம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மழைக்காலத்தில் மேகம் சந்துக்குள் இறங்கி, கடைக்குள்ளும் வந்துவிடும். எதிரில் இருப்பவர் முகம் கலங்கலாகத் தெரியும். ஆள் இல்லாத சினிமாப் பெட்டி அந்த வெள்ளைக்குள் யாருக்காகவோ இடது, வலது என்று மின்னிக்கொண்டிருக்கும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. துணி போட்டு மூடுவேன். அப்படி ஒரு நாள் வெள்ளையன் துணியை எடுக்காமலேயே டோக்கன் போட்டு, ஸ்டிக்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே ஆள் சாகிற சத்தம் வரவே இல்லை. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் கல்லாவில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு குப்பனூர் ரோட்டில் அது நடந்தது. அடைமழை விட்டிருந்த ஒரு மத்தியானம், சேலத்தில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியிருந்ததால் அவருடைய ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர். பின்னால் ஆரஞ்சுக் கூடைகளோடு பெண்கள். பாதி வழியில் மேகம் அடைத்துக்கொண்டது. பானெட்டுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. வெள்ளையனுக்கு அது புதிதில்லை, ஹாரன் அடித்துக்கொண்டே சாவகாசமாக இறக்கினார். ஒரு வளைவுக்கு முன்னால் ஜீப் சட்டென்று நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து அக்குளுக்குள் செருகிக்கொண்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் வேர்த்திருந்தது.

"ஏனுங்க, பொழுதோட குப்பனூர் போகோணும், இங்க என்ன வேண்டுதலா?" என்று ரைட்டர் சிடுசிடுத்தார். பின்னால் இருந்த ஒரு பெண் கால் மரத்துவிட்டது என்று இறங்கி முன்னால் நடந்தார். உடனே திரும்பி வந்து, "அய்யோ சாமி, ரோடே இல்லீங்க" என்றார். எல்லோரும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். வளைவில் ரோடு வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் மண் சரிந்து, தார் ஓரம் மட்டும் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கீழே சில்வர் ஓக் மரங்களின் உச்சி கூடத் தெரியவில்லை, ஒரே வெள்ளை. ஜீப் நின்ற இடத்திலிருந்து அதைப் பார்த்திருக்கவே முடியாது. பெண்கள் வெள்ளையனைக் கும்பிட்டார்கள். ரைட்டர் அவர் தோளைத் தொட்டு என்னென்னவோ சொன்னார். அவர் மட்டும் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

நான் மறுபடி பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் மெதுவாகப் பேசினார். "வலது பக்கம் மின்னுச்சுங்க."

"எங்க மின்னுச்சு?"

"கண்ணாடியில. எப்பவும் மின்னுமுங்க. உங்க பெட்டி வர்றதுக்கு நொம்ப வருசம் முந்தியே எனக்கு மின்னும். மேகத்துல அதை வெச்சுத்தான் ஓட்டுவேன். உங்க கடையில அந்தப் பெட்டியப் பாத்ததும், அட, இது எல்லாத்துக்கும் தெரிஞ்ச சமாச்சாரம்தானாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்." வேர்த்த முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு அது மின்னுன விதம் சரியில்லீங்க. அவசரப்படுத்துச்சு. அதான் கைய எடுத்துட்டேன். ஏனுங்க சேலத்தாரே, அப்ப இத்தன வருசமா எனக்குச் சொல்லிக்கிட்டு இருந்தது யாருங்க?"

நான் கையை நீட்டி, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்தேன்.

அன்று ஜீப்பைத் திருப்பி ஏற்காட்டில் கொண்டுவந்து விட்டதோடு சரி, அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஜீப்பை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். ஆனால் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. டோக்கன் போடுவார், கையைக் கட்டிக்கொண்டு சினிமாப் பெட்டி முன்னால் நிற்பார். பாறை உருண்டு வரும், ஓரம் மின்னும், அவர் அசைய மாட்டார், மூட்டைக்காரன் சாவான். அடுத்த டோக்கன். ஜீப்காரர்கள் கேலி செய்து பார்த்துவிட்டு, பிறகு கேலி செய்யவும் பயந்து விலகிப் போனார்கள். ஒரு நாள் நானே பொறுக்க முடியாமல், "உங்க கட்சிதான தள்ளோணும்னு சொன்னது? இப்ப எதுக்குண்ணா அவனைச் சாகடிக்கறீங்க?" என்று கேட்டேன். "எங்கயாச்சும் ஒரு எடத்துல தள்ளாம இருந்தாப் பொழைப்பானுங்க. அது எந்த எடம்னு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். "அப்படியெல்லாம் ஒரு எடமும் இல்ல, படத்துல போட்டது போட்டதுதான்" என்று கத்தினேன். இவ்வளவு காலம் கைக்குச் சுதந்திரம் வேண்டும் என்று வாதாடியவன் நான். அவர் தள்ளாமல் நின்றதும் எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

அவர் தேடிய அந்த இடத்தை நானும் ஒரு முறை பார்த்தேன். கயிற்றுப் பாலத்துக் காட்சி. பாலம் அறுபடுகிறது, வலது ஓரம் மின்னுகிறது. வெள்ளையன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வழக்கமாக அவன் அந்த இடத்தில் கீழே விழ வேண்டும். விழவில்லை. பாலத்தின் நடுவில் நின்றான். மறுபடி மின்னியது. மறுபடியும் மின்னியது. பிறகு மின்னுவது நின்றுபோனது. அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மெல்லத் திரும்பி, திரைக்கு வெளியே நிற்கும் எங்களைப் பார்த்தான். அந்தப் படத்தில் அவன் முகம் எங்கேயும் வராது, எப்போதும் முதுகுதான். அன்றுதான் முகத்தைப் பார்த்தேன். சாதாரண முகம். பிறகு பெட்டி அணைந்தது.

சேலத்திலிருந்து மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, உள்ளே படம் ஓடும் தட்டில் கீறல், அதனால் மாட்டிக்கொண்டு நின்றிருக்கும் என்றார். முகத்தைப் பற்றிக் கேட்டேன், தெரியாது என்றார். அதற்குப் பிறகு நான் எத்தனையோ தடவை அதே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டேன். விழுந்து சாகிறான். வெள்ளையன் மட்டும் அன்றோடு விளையாடுவதை நிறுத்திவிட்டார். "அவன் தப்பிச்சிட்டானுங்க" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார்.

அதன் பிறகு யார் கூப்பிட்டாலும் உடனே எழுந்திருக்க மாட்டார். பஸ் ஹாரன் அடித்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பார், பஸ் போய்விடும். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு போய் ரசம் கேட்பார். ஊரில் இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரோ அந்த மின்னல் இன்னமும் வருகிறது, எதிலும் வருகிறது, தோட்டத்திலும் வருகிறது என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "ஆமாங்க" என்றார்.

இறந்த அன்று கூட்டத்தில் அவருடைய மனைவி பாப்பாத்தி அக்காவோடு பேச முடியவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு மஞ்சக்குட்டைக்குப் போனேன். காப்பிக் களத்து ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்கு முன்பே மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"தோட்டத்துல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாருங்க தம்பி. மேல ரோட்டுல ஜீப் நின்னுச்சு. பக்கத்து ஊட்டுக்காரரு ஹாரன் அடிச்சு, வாங்க, ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்னு கூப்புட்டாரு. இவரு அக்குள்ள கைய வெச்சுக்கிட்டு அசையல. எந்திரிங்கன்னு நான் சத்தம் போட்டேன். என்னயப் பாத்தாரு. 'ரெண்டு பக்கமும் மின்னுது புள்ள. இப்படி மின்னுனதே இல்ல. எந்தப் பக்கம்னு நீ சொல்லு'ன்னாரு."

அக்கா கல்லை விட்டு எழாமலேயே வீட்டு வாசல்படிப் பக்கம் பார்த்தார்.

"நான் ஊட்டுக்கு வாங்கன்னு சொன்னேனுங்க. வாய்வுன்னு நெனச்சேன். ஓமத் தண்ணி வெச்சுக் குடுத்தாச் சரியாப் போயிரும்னு நெனச்சேன். மறுபேச்சு இல்லாம எந்திரிச்சு எம்பின்னாலயே வந்தாரு. வாசப்படியில உக்காந்தவருதான். ஏனுங்க தம்பி, நான் ஜீப்புன்னு சொல்லியிருக்கோணுமுங்களா?"

எனக்குத் தெரியவில்லை, அதையே சொன்னேன். ஜீப் நின்றதே, ஏறியிருக்கலாமே என்று எனக்கு அவர் மேல் இன்னமும் கோபம் இருக்கிறது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. மின்னியதும் தள்ள வேண்டும் என்று அவரும் கூடாது என்று நானும், பிறகு கட்சி மாறி, அத்தனை வருடம் தொண்டை வறளக் கத்தினோம். பக்கத்தில் நிற்கிற ஆளைத் திரும்பிப் பார்த்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்கலாம் என்பது எங்கள் இருவருக்கும் ஒரு நாளும் தோன்றியதில்லை. கடைசியில் அவருக்குத் தோன்றியிருக்கிறது. வெள்ளையனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியைத்தான். "உங்களக் கேட்டாருங்கக்கா. அதுக்கு முன்ன அவரு யாரையும் கேட்டதில்ல" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். சமாதானம் ஆன மாதிரி தெரியவில்லை. களத்துக் காப்பி, வேலி, ரோடு எல்லாம் மேகத்துக்குள் போய்விட்டிருந்தன. அவர் என் முகத்தைப் பார்க்காமல், எனக்குச் சற்று இடப்புறமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு நான் இருந்தேன். நான் யாரக் கேக்கறதுங்க?"

"எதைக் கேக்கோணுமுங்கக்கா?"

"நேத்துலருந்து எனக்கும் மின்னுதுங்க தம்பி."

நான் அவர் பார்த்த பக்கம் திரும்பவில்லை. பயமாகத்தான் இருந்தது. நகர்ந்து, அவருக்குப் பக்கத்தில் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தேன்.

"என்னயக் கேளுங்கக்கா" என்றேன்.