சாமி முடி

கல்லூரியில் படிக்கும் என் மகள் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்: "அப்பா, நீ தீயிஸ்டா, ஏதீஸ்டா, அக்னாஸ்டிக்கா?"

நான் அப்போது ஒரு முற்றிய முருங்கைக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவளே விளக்கினாள். கடவுள் உண்டு என்பவர் ஆத்திகர். இல்லை என்பவர் நாத்திகர். உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர் மூன்றாம் வகை. அதுபோக, படைத்துவிட்டுப் போய்விட்டார், இனி நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று ஒரு கூட்டம் இருக்கிறதாம். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இன்னொரு கூட்டம்.

"களைப்பா இருக்கும்மா. அப்படி ஒரு வகை இருந்தா அதுல என்னப் போட்டுக்க" என்றேன். பாடத்தில் அப்படி ஒன்று இல்லையாம்.

இந்த விஷயத்தைப் பற்றி நான் வாசித்த புத்தகங்கள் அலமாரியில் இரண்டு தட்டுக்கு வரும். தட்டு வளைந்ததுதான் கண்ட பலன். உண்மையில் இந்தப் பாடம் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே என் தலையில் முளைத்து, இடுப்புவரை வளர்ந்தும் விட்டது.

எங்கள் ஊர் எறையூரை ஒட்டியது. கரும்பு அரைக்கும் மாதங்களில் ஊர் முழுக்கப் பாகு வாடை அடிக்கும். அப்பாவின் சட்டையில் வருஷம் முழுக்க அடிக்கும். அங்கே சர்க்கரை ஆலையில் அவர் ஃபிட்டர். லீவு நாளில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கடவுள் இல்லை என்று கூட்டங்களில் பேசப் போவார். அம்மா, கடவுள் உண்டு என்று யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் அடுப்பு இருக்கிறது என்று யாராவது ஊரைக் கூட்டிச் சொல்வார்களா? விளக்கேற்றுவாள், அன்றைய புகார்களைச் சாமியிடம் ஒப்பிப்பாள், உலை வைக்கப் போய்விடுவாள். சித்தப்பா மூன்றாம் வகை. கேட்டால், "இருந்தா நல்லதுதான். இல்லாட்டியும் பாதகமில்ல" என்பார். அப்பாவின் கூட்டத்துக்குப் போனால் டீ வரும்வரை இருப்பார். அம்மாவோடு கோயிலுக்குப் போனால் சுண்டல் வரும்வரை இருப்பார்.

இந்த மூவருக்கும் நடுவில் என் தலை.

எங்கள் பக்கத்தில் பிள்ளையின் முதல் முடி குலதெய்வத்துக்குத்தான். அங்கே கொண்டுபோய் மொட்டை அடித்துக் காது குத்தும்வரை தலையில் கத்தியும் படக்கூடாது, கத்தரியும் படக்கூடாது. எங்கள் குலதெய்வம், ஆண்டிமடம் தாண்டி முந்திரிக்காட்டுக்குள் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் வீரனார். எனக்கு ஒரு வயது நிறைவதற்குள், முதல் மாலை யாருக்கு என்று பங்காளிகளுக்குள் சண்டை வந்துவிட்டது. ஆளுக்கொன்றாகக் கோயில் கதவில் இரண்டு பூட்டு தொங்கியது. அரியலூரில் கேஸ் நடந்தது. வீரனாருக்கே உள்ளே படையல் இல்லை. இதில் என் முடியை யார் கேட்பது? கேஸ் வாய்தாவில் நீண்டது. முடியும் நீண்டது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில் எனக்கு இடுப்புவரை சடை. அம்மா எண்ணெய் வைத்து வாரி, சிவப்பு ரிப்பன் கட்டிப் பின்னிவிடுவாள். பஸ்ஸில் கண்டக்டர், "பாப்பாவ மடியில வச்சிக்கம்மா" என்பார். நான் டவுசரைத் தொட்டுக் காட்டி என் நிலையை விளக்க வேண்டியிருக்கும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், இத்தனை வருஷமும் அப்பா அந்த முடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மொட்டை அடிப்பது மூடநம்பிக்கை என்று ஊர் ஊராகப் பேசிவிட்டு வந்து, பாயில் நீண்டு கிடக்கும் என் சடையை மிதிக்காமல் தாண்டிப் போவார். கூட்டத்தில் யாராவது குத்திக் கேட்டால், "அது அவன் அம்மாவோட விருப்பம். பெண்ணுரிமைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று தப்பித்துக்கொள்வார்.

காரணத்தை வெகுகாலம் கழித்துச் சித்தப்பாதான் சொன்னார். எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்திருக்கிறான். குலதெய்வமாவது ஒன்றாவது என்று அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு போய், பெரம்பலூரில் ஒரு சலூனில் கிராப்பு வெட்டி, பவுடர் போட்டுக் கூட்டிவந்திருக்கிறார். அந்த மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து அண்ணன் போய்விட்டான். அதனால்தான் இது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. அம்மா மூச்சுகூட விடவில்லை. சொல்லியிருந்தால் அப்பா மறுத்துப் பேசியிருப்பார். அதில் அவர் பேர் போனவர். சொல்லாத ஒன்றை எப்படி மறுப்பது?

இது எதுவும் தெரியாமல் நான் சடையோடு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். "முடிய வெட்டிட்டு வரட்டும், சேத்துக்கிறேன்" என்றார் ஹெட்மாஸ்டர். அன்று சாயங்காலம் தெருப் பையன்கள் சடையைக் கயிறாகப் பிடித்து, என்னை வண்டிமாடாக்கித் தெருக்கோடிவரை ஓட்டிப்போனார்கள். நான் வீட்டுக்கு வந்து தரையில் புரண்டேன். முடியை வெட்டினால்தான் சோறு தின்பேன் என்றேன்.

தெருவுக்கு முடிவெட்ட வருபவரைக் கூப்பிட்டார்கள். அவர் சடையைப் பார்த்ததும் திறந்த பெட்டியை மூடிவிட்டார். "சாமி முடிங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா வாசலில் முக்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்தார்.

"நானே வெட்டிடுறேன். முடிதான, என்ன பெரிய இது" என்றார். பக்கத்தில் நின்ற எங்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை, அவ்வளவு சத்தம்.

சித்தப்பா சுவரில் சாய்ந்திருந்தார். "வெட்டுனாலும் சரிதாண்ணே. வெட்டாட்டியும்…"

"நீ சும்மா இருடா. எதுலயாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கியா நீ?"

அம்மா வெளியே வரவில்லை. அடுப்படியில் அம்மியில் அரைக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பா சடையை இடது கையில் பிடித்தார். கத்தரியின் இரும்பு பிடரியில் சில்லென்று பட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. "வெட்டுப்பா" என்றேன். அப்போதும் நடக்கவில்லை. காதோரத்தில் கத்தரியின் இரண்டு அலகும் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. கொதிக்கிற பாய்லர் பக்கத்தில் நின்று வால்வு மாற்றுகிற கை அது. எனக்கோ உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. வீரனார் பூட்டை உடைத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார், அப்பா பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்பா, அப்ப சாமி இருக்கா?"

"வாய மூடுறா!" என்றார் சித்தப்பா. அவர் எதிலும் ஒரு பக்கம் நின்று பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மியின் சத்தம் நின்றது. அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"குடுங்க இங்க."

"சாமி முடிங்கிறாங்களே…" என்றார் அப்பா. மைக் இல்லாமலே ஊர்க்கோடிவரை கேட்கிற குரல், பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இருக்கட்டும். கோயிலப் பூட்டுனது நாமளா? இத்தன வருசமா அவரும் பூட்டத் தொறக்காம சும்மாதான உக்காந்திருக்காரு? அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

எதிர்வீட்டு ஆளிடம் பேசி முடிக்க வேண்டிய சின்ன விவகாரம் என்கிற மாதிரிதான் சொன்னாள். கத்தரியை வாங்கினாள். கறுக் கறுக்கென்று நாலைந்து வெட்டு. சடை அவள் கையோடு போனது. தலை சட்டென்று லேசாகி முன்னால் சாய்ந்தது. கோயில் திறந்ததும் சேர்த்துவிடலாம் என்று சடையை ரிப்பனோடு மஞ்சள் துணியில் முடிந்து, விளக்கு மாடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அப்பா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

அம்மா அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கும் இதுனால இல்லங்க" என்றாள்.

அப்பா, நான் இறங்கிய முக்காலியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சித்தப்பா அவசரமாகத் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"என்னிக்கும்மா? எதுனால?" என்று நான் கேட்டேன். அம்மா துடைப்பத்தை எடுக்கப் போனாள். அவ்வளவு பெரிய மனிதர் எதற்காக அழுகிறார் என்று நானே யோசித்துப் பார்த்தேன். அம்மா அவ்வளவு மோசமாக வெட்டியிருக்கிறாள் போலிருக்கிறது என்று பட்டது. உள்ளே ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். அப்பா அழுததில் நியாயம் இருந்தது.