கடுகு வெடித்த தெரு

பொன்னுத்தாயி அம்மை குத்தும் வேலைக்கு வந்தது புருஷன் செத்த மறுவருஷம். ஒக்கூரில் எட்டாவது வரை படித்திருந்தாள். சர்க்காருக்கு அது போதும். பெரியம்மையை நாட்டைவிட்டே ஒழிப்பது என்று டில்லியில் முடிவானபோது, காரைக்குடிப் பக்கம் நாற்பது ஊர் அவள் தலையில் விழுந்தது.

குத்துவது சுலபம். நோயாளியைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. ஊசி பட்டால் ஆத்தா கோபிப்பாள் என்று ஆளை உள்ளே ஒளித்துவிடுவார்கள். ஆனால் அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். மத்தியானம் தெருவில் நடந்தால், கடுகு மணக்காத வீடு எது என்று அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அறுபத்தாறில், வலையபட்டிக்கு மேற்கே ஒரு தெருவில் அழகி வீட்டை இப்படித்தான் பிடித்தாள். அழகியின் புருஷனை வேனில் ஏற்றி, ஊருக்கு வெளியே தனிக் கொட்டகையில் போட்டார்கள். அவன் திரும்பவில்லை. பக்கத்து நாலு வீட்டுக்குக் குத்தினாள். மற்றவர்கள் கொல்லை வழியாக ஓடிவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டவர்களிடம் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது.

மறுவருஷம் பங்குனியில் தகவல் வந்தது. அதே தெருவில் பதினைந்து நாள் தங்கிவிட்டு ஊர் திரும்பிய பெண் ஒருத்தி அம்மையில் இறந்துவிட்டாள். அங்கே எங்கோ ஒரு வீட்டில் நோய் இருக்கிறது. மறுநாள் சந்தை, தெருவே கூடையோடு கிளம்பிவிடும். அதற்குள் அந்த வீட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள். இருபத்தாறு வீட்டிலும் கடுகு மணந்தது.

அழகி வாசலில் நின்றாள். "வாங்க ஊசிக்காரம்மா. நல்லா மோந்து பாத்துக்கங்க."

"எந்த வீடு அழகி? பச்சப்புள்ளக இருக்குற தெரு."

"எங்க வீட்டு ஆளக் கொண்டு போனீகளே, அங்குட்டு அவருக்குத் தண்ணி குடுத்தது யாரு?"

பொன்னுத்தாயி மறுபடி காற்றை முகர்ந்து பார்த்தாள்.

"அம்மாவுக்குச் சளி பிடிச்சிருக்கும். மூக்கு அடச்சுப் போச்சு!" என்றான் எதிர்வீட்டுச் சோணை. கதவுகளுக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது.

எல்லாம் ஓலை வீடுகள்; அடுப்பு வாசலை ஒட்டித்தான். அவள் நெருங்க நெருங்க ஒவ்வொரு வீட்டிலும் மறுபடி கடுகு போட்டார்கள். அழகி வீட்டில் கடுகு வெடித்தது. பிறகு குழம்பில் கொட்டும் சத்தம், சொர்ரென்று. அடுத்த வீட்டில் கடுகு வெடித்தது, மிளகாய் கருகியது. கொட்டும் சத்தம் வரவில்லை.

பொன்னுத்தாயிக்குப் புரிந்தது. வெளியாளை ஏமாற்றக் கடுகைப் பொரிக்கலாம். ஆத்தா இருக்கும் வீட்டில் அதைக் குழம்பில் கொட்ட எந்தப் பெண்ணுக்கும் கை வராது.

கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். சந்தேகத்துக்கு அடுத்த வீட்டிலும் நின்றாள். அங்கேயும் கொட்டவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. சோணை வீட்டு வாசலில் அவள் நின்றபோது உள்ளே வெறும் கடுகு கருகிக்கொண்டிருந்தது. சோணை தலையைக் குனிந்துகொண்டான்.

தெரு முடிவதற்குள் பதினொரு கோடு.

பின்னாலேயே வந்த அழகியின் முகம் வெளிறிவிட்டது. "ஒரு வீடுன்னுதான் எங்கிட்டச் சொன்னாக. அதுக்காகத்தான் எல்லாரையும் தாளிக்கச் சொன்னேன்."

"ஒவ்வொருத்தரும் தன் வீடு மட்டுந்தான்னு நெனச்சிருக்கீக," என்றாள் பொன்னுத்தாயி. பையில் இருபது பேருக்குத்தான் மருந்து இருந்தது. "ஆபீசுக்கு ஆள் விடு. தெருவ விட்டு ஒருத்தரும் நாளைக்குச் சந்தைக்குப் போகக் கூடாது."

சோணை முன்னால் வந்தான். "எங்க அண்ணன் காலையிலயே சந்தைக்கு வண்டி கட்டிப் போயிட்டாகளே."

"தனியாவா?"

"இல்ல. ஏழு பேரு."