தண்ணீர்விட்டான் கிழங்குப் பால்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஒரு கிழங்கின் சத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்விட்டான் கிழங்கு உடம்புக்குக் குளிர்ச்சி, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எழுபதுகளின் கடைசியில் எனக்கும், கொழுந்தன் மனைவியான என் ஓரகத்திக்கும் ஒரே மாதத்தில் இரண்டாவது பிள்ளை பிறந்தது. இரண்டாவது என்பதால் இருவருக்கும் உத்திரமேரூரில் புகுந்த வீட்டிலேயே பிரசவம். பத்தியச் சாப்பாடு தாய்வீட்டார் பொறுப்பு. கூரத்திலிருந்து அவள் அம்மா வந்து தங்கினார். என் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமியார் பூண்டுக் குழம்பு வைத்துத் தந்தார். குறை சொல்ல முடியாது.

ஓரகத்தியின் அம்மா கிழங்கைத் தோல் சீவி, நடுவில் இருக்கும் நரம்பை உருவிப் போட்டு, காயவைத்து இடிப்பார். காலையில் பசும்பாலில் பனைவெல்லத்தோடு காய்ச்சி மகளுக்குக் கொடுப்பார். அந்த வாசனை வந்தாலே எனக்கு வயிறு எரியும். அவள் பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கும். என் பெண்ணுக்கோ பால் போதாமல் கத்தியே தொண்டை கட்டிப்போனது. கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் ஓரகத்தி குளிக்கப் போனபோது அவள் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். காலி டம்ளரைப் பார்த்த அவள் அம்மா, குளித்து வந்த மகளிடம் என் காதில் விழும்படி கேட்டார்: "இன்னாடி, இந்த வூட்டுப் பூனையும் புள்ள பெத்துகீதா?"

நான் என் பெண்ணை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஓரகத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ குடிச்சது நல்லதாப் போச்சுக்கா. எனக்குப் பால் கட்டிக்கினு நெருப்பா கீது. எங்கம்மா கைல சொன்னா கேக்கமாட்டேங்குது. உன் பொண்ண இப்படிக் குடு."

கொடுத்தேன். என் பெண் அவள் மார்பில் வாய் வைத்துக் குடித்து, வயிறு நிறைந்து அங்கேயே தூங்கிவிட்டாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். டம்ளரைப் பார்த்தபோது எரிந்ததைவிட அப்போதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. தூங்குகிற பிள்ளையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வேலிப் பக்கம் போய் நானே தோண்டினேன். ஒரு கொடியின் அடியில் ஏழெட்டுக் கிழங்கு கிடைத்தது.