கூட்ஸ் பெட்டிக்குள் நட்சத்திரம்

மகன் வாங்கிவந்த பொம்மை கூட்ஸ் பெட்டி என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. துருவைக்கூட வர்ணத்தில் தீட்டியிருந்தார்கள். நகத்தால் தள்ளினால் கதவு நகர்ந்தது.

என் சின்ன வயதில், நீடாமங்கலம் ஸ்டேஷனில் நெல் ஏற்றும் ஆட்களுக்கு அப்பாதான் மேஸ்திரி. மூட்டை ஏற்றுமுன் காலிப் பெட்டிக்குள் ஏறி, கதவைச் சாத்தச் சொல்வார். ஒருநாள் என்னையும் உள்ளே தூக்கிவிட்டார். இரும்புக் கதவு உறுமிக்கொண்டு மூடியது. உச்சிவெயில் சட்டென்று அணைந்துபோக, அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ண மூடாத பாப்பா. இருட்டுலதான் ஓட்டை தெரியும்."

அண்ணாந்து பார்த்தேன். கூரையெங்கும் நட்சத்திரம்! ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெளிச்சக் கம்பி இறங்க, அதில் உமித்தூசி பொன்னாய்ச் சுழன்றது. அப்பா ஏணியில் ஏறி, தாரில் முக்கிய சாக்குத்துணியால் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டே வந்தார்.

"அந்த ஒண்ண மட்டும் விட்டுருங்கப்பா."

"மழை பேஞ்சா நெல்லு முளைச்சிடும்மா."

கடைசி நட்சத்திரமும் அணைந்தது. "ஏத்தலாம்!" என்று அவர் கத்தியதில் பெட்டியே அதிர்ந்தது.

இப்போது பொம்மைப் பெட்டியின் கதவைத் திறந்து, அதில் கண்ணை ஒட்டி, ஜன்னல் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்னம்மா தேடுறீங்க?" என்றான் மகன்.

உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

"ஏத்தலாம்," என்றேன்.