வீரைக் கன்றுகளும் ஏழு வழிகாட்டிகளும்

எங்கள் காட்டைக் காப்பாற்ற ஏழு பேர் இருந்தார்கள். 'வழிகாட்டும் குழு' என்று மரக்காணம் அலுவலகத்து போர்டில் அவர்கள் பெயர்கள் வரிசையாக இருக்கும். நான் அங்கே ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்த ஐந்து வருடத்தில் அவர்கள் காட்டுக்குள் கால் வைத்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் செருப்பில் முள் ஏறிவிட்டது என்று பத்து நிமிடத்தில் வெளியே ஓடிவந்தார்கள். மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து காரில் வந்து, அவர்கள் வரும் நாளில் மட்டும் ஓடுகிற ஏசியில் உட்கார்ந்து, பகல் சாப்பாட்டுக்குள் காட்டை வழிநடத்தி முடித்துவிடுவார்கள்.

காடு என்றால் யானை, அருவி என்று நினைக்க வேண்டாம். இந்தக் கடற்கரையின் பழைய காடு குட்டையானது. இலை உதிராத மரமும் முள்ளும் கொடியும் பின்னிக் கிடக்கும். அதுவும் இப்போது ஐயனார் கோயில்களைச் சுற்றித்தான் மிச்சம். அங்கே கத்தி வைக்க ஜனங்களுக்குப் பயம். அந்தப் பயத்தில் பிழைத்தது. அந்த மரங்களின் விதையிலிருந்து கன்று வளர்த்து, வெட்டவெளியாகக் கிடக்கும் இடங்களில் மறுபடி காட்டை உண்டாக்குவதுதான் எங்கள் அமைப்பின் வேலை. உண்மையில் அது ஒரே ஒருத்தியின் வேலை.

இருபது வருடம் உப்பளத்தில் உப்பு வாரியவர் அந்த அக்கா. உப்புத் தண்ணீரில் நின்று நின்று காலில் ஆறாத புண் வந்தபிறகு எங்கள் நாற்றங்காலுக்கு வந்தார். கோயில் காட்டில் மரத்தைத் தொட்டு விதை பறிக்க மாட்டார். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, கீழே விழுந்த பழத்தை மட்டும் பொறுக்கி வருவார். அப்படிப் பொறுக்கிய வீரைப் பழங்களிலிருந்து இருநூறு கன்றுகள் தேற்றியிருந்தார். வீரை அழுத்தக்கார மரம். மூன்று வருடம் தண்ணீர் ஊற்றியும் முழங்காலைத் தாண்டவில்லை.

"எப்பக்கா நடலாம்?" என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்.

"உப்பளத்துக்காரங்க உப்பு அம்பாரத்துக்குக் கீத்து போட்டு மூடிட்டு என்னிக்கு வீட்டுக்குப் போறாங்களோ, அன்னிக்குத்தான் தம்பி நாம குழி வெட்டணும். அதுக்கு முன்ன வெச்சா செடிய சுடுகாட்டுக்கு அனுப்புற மாதிரி."

மழை இங்கே ஐப்பசியில்தான் கொட்டும். மழை வந்தால் உப்புக்கு லீவு, செடிக்கு வேலை. உப்பளத்தில் ஒருநாள் கூலிக்குப் போனவருக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

மே மாதம் குழுவின் செயலாளர் மேடம் போன் செய்தார். "ஜூன் அஞ்சு, சுற்றுச்சூழல் தினம். இருநூறு வீரை நடுறோம். ரேர் ஸ்பீசிஸ்னதும் தலைவர் ரொம்ப இம்ப்ரெஸ் ஆயிட்டாரு."

"மேடம், ஜூன்ல வெச்சா ஒண்ணுகூட நிக்காதுங்க. ஐப்பசி வரைக்கும்..."

"ஐப்பசில கேமரா டீம் ஃப்ரீ இல்ல. நெகட்டிவா பேசாதீங்க. தண்ணி டேங்கர் சொல்லிடுங்க."

"டேங்கர் எத்தன நாள் வருங்க மேடம்?"

"அன்னிக்கு வரும் இல்ல?"

போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்கு வீரை எதுன்னு தெரியுமா தம்பி?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் ஐந்து காலையில் டிராக்டரில் கன்றுகள் ஏறியிருந்தன. அத்தனையும் எங்கள் நாற்றங்காலில் மலிந்து கிடந்த புங்கன். வீரை இலை சின்னதாக, தனித்தனியாக, அட்டை போல விறைப்பாக இருக்கும். புங்கன் இலை கொத்துக் கொத்தாக, எண்ணெய் தடவியதுபோல மினுக்கும். கண் தெரியாதவர்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். வீரைக் கன்றுகள் நாற்றங்காலின் பின்பக்கம் கீற்றுத் தடுப்புக்கு அந்தப்பக்கம் பத்திரமாக நின்றன. அக்கா என் முகத்தைப் பார்த்தார். 'வீரை' என்று அடித்து வைத்திருந்த தகடுகளை நானே ஒவ்வொரு புங்கன் கழுத்திலும் மாட்டினேன்.

தலைவர் வந்தார். எப்போதும்போல அலுவலக வாசலில் நிற்கிற மரத்தின் நிழலில் காரை நிறுத்தச் சொன்னார். வேறு நிழலில் நிறுத்தவே விடமாட்டார். ஓய்வுபெறும்வரை பெரிய பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு உட்கார நாற்காலி கிடைக்காமல் காட்டின் மேல் உட்கார்ந்துவிட்டவர். நடும் இடத்தில் மைக்கைப் பிடித்து, புங்கன் இலையை விரலால் நீவிக்கொண்டே, "இந்த வீரை இருக்கே, இது நம்ம மண்ணோட ஆன்மா" என்றார். கேமரா இன்னொரு தடவை நீவச் சொன்னது. நீவினார். மிச்ச ஆறு பேரும் கை தட்டினார்கள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பக்கத்து வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் போய் நிற்க வேண்டியதாயிற்று.

டேங்கர் அன்றைக்கு வந்தது. அதோடு சரி. பதினைந்தே நாளில் உப்புக்காற்றும் வெயிலும் இருநூறு புங்கனையும் குச்சியாக்கிவிட்டன. தகடுகள் மட்டும் பளபளவென்று நின்றன.

இதை எங்கள் சாமர்த்தியம் என்று நானும் அக்காவும் நினைத்துக்கொண்டிருந்தோம். வழிகாட்டும் குழுவின் அறிவை நாங்கள் குறைத்து எடைபோட்டுவிட்டோம். ஆவணி மாதக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. வீரை இந்த மண்ணுக்கு ஒத்துவராத மரம். இது நம் களப்பரிசோதனையில் நிரூபணமாகிவிட்டது. எனவே நாற்றங்காலை மூடிவிட்டு, அந்த இடத்தில் ஒரு விழிப்புணர்வு மையம் கட்டலாம். நடுவில் சிமெண்டில் ஒரு பெரிய மரம். பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம்.

"இருக்கற செடிங்களை என்ன பண்றதுங்க?" என்று கேட்டேன்.

"யாராவது கேட்டா குடுத்துடுங்க" என்றார் தலைவர்.

செத்தது புங்கன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாற்றங்கால் பிழைக்கலாம், ஆனால் ஏமாற்றியதற்காக அக்காவின் வேலை போய்விடும், தகடு மாட்டிய என் வேலையும் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். தலையைக் குனிந்து தீர்மானத்தை எழுதினேன். ஆயிரம் வருடம் இந்த மண்ணிலேயே நிற்கிற மரத்தை இந்த மண்ணுக்கு ஒத்துவராது என்று என் கையாலேயே எழுதினேன்.

கதவு திறந்தது. டீ கொண்டுவருகிறார்கள் என்று நினைத்தோம். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் போல, அக்கா ஒரு கன்றுப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். ஈரம் சொட்டச் சொட்ட அதைத் தலைவருக்கு முன்னால், மேஜை மேலேயே வைத்தார்.

"இது என்ன செடின்னு சொல்லுங்க சார்."

தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "ஏதோ எலுமிச்சை மாதிரி இருக்கே?" என்றார் பொருளாளர்.

"இதான் வீரை. இருநூறும் பின்னாடி உசுரோட இருக்குது. செத்தது இது இல்லீங்க."

"அப்ப நாங்க நட்டது?"

அக்கா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "வாசல்ல உங்க காரு எந்த மரத்து நிழல்ல நிக்குதோ, அது."

ஏழு தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. ஐந்து வருடமாக எதன் நிழலில் காரை நிறுத்தினார்களோ, அந்தப் புங்கன் மரத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

ஒருவராவது "இருநூறும் உயிரோடு இருக்கிறதா, வா, போய்ப் பார்க்கலாம்" என்று எழுந்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். எனக்கும் ஒரு முட்டாள்தனம் இருந்திருக்கிறது. அமைப்பை ஏமாற்றியதற்காக அக்காவை அந்த நிமிடமே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தகடு மாட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீக்கல் கடிதத்தை எழுதி, ஒருங்கிணைப்பாளர் என்று கையெழுத்துப் போட்டு நீட்டியது நான்தான்.

அக்கா அதை வாங்கி மடித்து ரவிக்கையில் செருகிக்கொண்டார். "யாரு கேட்டாலும் செடிய குடுக்கலாம்னு சொன்னீங்களே சார். நான் கேக்கறேன்" என்றார் தலைவரிடம். சொன்ன வாயாலேயே "எடுத்துட்டுப் போ" என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. உப்பளங்களில் அம்பாரங்களுக்குக் கீற்று போட்டு மூடினார்கள். மறுநாளே வேலையில்லாத உப்பளத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, கோயில்காரர்களின் சம்மதத்தோடு, கோயில் காட்டின் ஓரத்திலேயே அக்கா வீரைக் கன்றுகளை நடத் தொடங்கினார். கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டு மண்வெட்டியோடு நானும் போனேன்.

என்னைப் பார்த்து அவர் ஒன்றும் திட்டவில்லை. "குழிய வெட்டு தம்பி" என்று மட்டும் சொன்னார். மழையில் நனைந்துகொண்டே சாயங்காலம் வரை வெட்டினேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கடைசியில் ஒரு கன்றையாவது நட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு பையைக் கையில் எடுத்தேன்.

"அத கீழ வெச்சிடு" என்றார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "அத நாங்க நட்டுக்கறோம்."

பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த குழியை வெட்டப் போனேன்.