பக்கத்து சீட்டு பிரேக்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேயும். இடது கால் செருப்பு வாங்கினபடியே பளபளவென்று இருக்கும். ஒற்றைச் செருப்பை யாரும் விற்பதில்லை என்பதால் அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் இடது கால் செருப்புகளாகக் கிடக்கின்றன. தூக்கிப் போடவும் அவருக்கு மனசு வராது.

அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். அவருடைய பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் உட்காரும் மாஸ்டருக்கு ஒரு பிரேக். மாஸ்டர் தன் பிரேக்கை மிதித்தால் 'பீங்' என்று ஒரு பஸ்ஸர் அலறும். லைசென்ஸ் டெஸ்ட் அன்று பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆபீசருக்குக் கேட்பதற்காக வைத்த ஏற்பாடு அது. பஸ்ஸர் அடித்தால் ஓட்டினவர் ஃபெயில். அப்பீல் கிடையாது, அழுதாலும் கிடையாது.

சும்மா சொல்லக்கூடாது, அத்தான் நல்ல மாஸ்டர். ஒரு பல் டாக்டர் பதற்றத்தில் வண்டியை நடைபாதையில் ஏற்றி, பழக்கடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தபோதுகூட அவர் குரல் உயரவில்லை. "டாக்டர், நமக்குப் பழம் வேணாம். அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு, கடைசி நொடியில்தான் காலை வைத்தார். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் அவர் கையால் பழகினவர்கள்தான்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் கட்டின பெண்டாட்டியை இரண்டு தடவை ஃபெயிலாக்கினார்.

முதல் டெஸ்டில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் படுத்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதற்குள் 'பீங்'. இரண்டாவது டெஸ்டில் ரோட்டில் நாய்கூட இல்லை. வெறும் ரோடு. அதற்கும் 'பீங்'. ஆபீசர் பேனாவை மூடிக்கொண்டு, "ஏன் மாஸ்டர், எதுக்கு மிதிச்சீங்க?" என்று கேட்டாராம். "ஏதாவது வந்துடுமோன்னு..." என்றாராம் அத்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். என் அக்கா எதற்கும் அழுகிற ஆள் இல்லை.

மூன்றாம் தடவை அவள் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் இன்னொரு டிரைவிங் ஸ்கூலில், அத்தானின் போட்டிக் கடையில், பணம் கட்டிச் சேர்ந்தாள். ஒரே டெஸ்டில் பாஸ். அத்தானுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. டீக்கடையில், "என்ன மாஸ்டர், உங்க வீட்டம்மாவுக்கு அங்கதான் நல்லா வந்துச்சாமே" என்று ஒருத்தன் கேட்க, பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

லைசென்ஸ் வந்தது, வண்டிதான் கைக்கு வரவில்லை. மருந்துக் கடையா, "பக்கத்துலதானே, நானே போயிட்டு வந்துடறேன்." கல்யாண வீடா, "நீ நல்ல சேலை கட்டியிருக்க, எதுக்குக் கஷ்டப்படணும்?" சேலைக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அக்கா அந்த அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கே போனாலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் போனாள்.

இப்படி இருக்கையில்தான் வாலுவுக்குப் பிறந்தநாள் வந்தது. வாலு அக்காவின் ஒரே பெண். பெயருக்கேற்ற பிள்ளை. கேக் வேண்டாம், கவுன் வேண்டாம், தீம் பார்க்குக்குக் கூட்டிப் போகணும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவானது. எப்படிப் போவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

தீம் பார்க் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை தாண்டி இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்க்காரர்களே ஷட்டில் பஸ் விடுகிறார்கள். டிக்கெட் இருந்தால் பஸ் இலவசம். பார்க்குக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள ரவுண்டானாவிலும் நின்று ஏற்றிக்கொண்டு, நேரே வாசலில் கொண்டுபோய் இறக்கும்.

"ஷட்டில்ல போயிடலாம்" என்றார் அத்தான், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி. "கார்ல போனா பார்க்கிங் எங்கயோ கோடியில இருக்கு. அங்கேருந்து வெயில்ல நடக்கணும். சாயங்காலம் எல்லா வண்டியும் ஒண்ணா வெளிய வரும், நகரவே நகராது."

"ஷட்டில்ல திரும்பி வர்றப்ப நிக்கக்கூட இடம் இருக்காது" என்றாள் அக்கா. "ஈரத் துணி, சாப்பாட்டுப் பை, தூங்கி விழுற பிள்ளை, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு யார் தொங்கிட்டு வர்றது? கார்ல போலாம். நான் ஓட்டுறேன்."

அத்தான் மோரை எடுத்துக் குடித்தார். குடித்து முடித்தும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"ஷட்டில்ல ஏசி இருக்கு" என்றார்.

"நம்ம கார்லயும் இருக்கு."

"ஷட்டில் டிரைவர் நல்ல அனுபவஸ்தன்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாடி அறையில் குடியிருக்கிறோம், சாப்பாடு இங்கேதான், கொஞ்சம் அடக்கி வாசிப்போம் என்றெல்லாம் எனக்குத் தோன்றாது. "எதுக்கு அத்தான் சுத்தி வளைக்கிறீங்க? அக்கா ஓட்டினா பயம்மா இருக்குன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுங்களேன்" என்றேன்.

"பயமா? எனக்கா?"

"அப்புறம் என்ன?"

வசமாக மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டவர், கௌரவமாகத் தப்பிக்கிற ஆள் மாதிரி, "சரி, ஓட்டட்டும். யாரு வேணாம்னா?" என்றார். அக்கா விடவில்லை. "பிரேக்ல கால் வைக்கக் கூடாது. போற வழியில ஒரு தடவைகூட பஸ்ஸர் அடிக்கக் கூடாது. லைசென்ஸ் வாங்கினவ நான். என்னை ஃபெயிலாக்குறதுக்கு இனிமே யாருக்கும் உரிமை இல்ல."

"வைக்கமாட்டேன்" என்றார் அத்தான்.

ஞாயிறு காலை புறப்பட்டோம். வீட்டில் இருப்பது அந்தப் பயிற்சி வண்டி ஒன்றுதான். கூரைமேல் 'ஓட்டுநர் பயிற்சி' என்று போர்டு. அதைக் கழற்றச் சொன்னதற்கு, துருப்பிடித்து இறுகிவிட்டது என்றார் அத்தான். அதனால் லைசென்ஸ் வைத்திருந்தும், போகிற வருகிறவர்கள் கண்ணுக்கு அக்கா கற்றுக்குட்டிதான். பின்னால் வந்தவன் ஒவ்வொருத்தனும் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனான். அக்கா ஒன்றையும் சட்டை செய்யவில்லை. முதுகை நிமிர்த்தி, கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, அவ்வளவு அழகாக ஓட்டினாள். சொந்த அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. பின் சீட்டில் நான் வாலுவின் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டு வந்தேன், ஒரு பின்னல்கூடக் கோணவில்லை.

அத்தான்தான் பார்க்கச் சகிக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகக் காலைக் கீழே வைக்காமல், முன் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். குறுக்கே சீட் பெல்ட். இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வண்டியிலிருந்து ஒரு குழந்தை அவரை அம்மாவுக்குக் காட்டியது.

"அப்பா, கால் வலிக்கலையா?" என்றாள் வாலு.

"இல்லம்மா. காத்தோட்டமா இருக்கு."

நெடுஞ்சாலை முழுக்கத் தாக்குப்பிடித்தார். ரவுண்டானா வந்தது. அங்கே வலப்பக்கத்திலிருந்து ஷட்டில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள், வேகத்தைக் குறைத்துவிட்டாள், கியரும் மாற்றிவிட்டாள். நான் என் கண்ணால் பார்த்தேன். அத்தானும் பார்த்தார். ஆனால் அவர் கால் யாரைக் கேட்டு இறங்கியது என்று தெரியவில்லை.

'பீங்ங்ங்.'

வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன் மழை. அத்தான் தன் காலை ஏதோ அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி குனிந்து பார்த்தார்.

அக்கா வண்டியை மறுபடி எடுத்து, ரவுண்டானாவை முழுசாகச் சுற்றி, சிக்னல் போட்டு, ஷட்டில் நிறுத்தத்தை அடுத்த பஞ்சர் கடை ஓரமாகக் கச்சிதமாக நிறுத்தினாள். என்ஜினை அணைத்தாள். சாவியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"நீங்க சொன்னபடியே ஷட்டில்ல போறேன்" என்றாள். "நீங்க ஓட்டிட்டு வாங்க."

"இங்க பாரு, தெரியாம..."

"வாலு, இறங்கு. நீயும் வாடி."

நான் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்க்காமல் வந்தாள். கன்னம் நனைந்திருந்தது. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னை நம்பியிருக்கலாம்ல" என்றாள். எனக்கு அத்தான்மேல் வந்த ஆத்திரத்துக்கு, அவர் எதிரில் இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அவர்தான் எதிரில் வரவே இல்லையே. வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டு நான் போன் போட்டேன். "நீங்க போய்ச் சுத்திப் பாருங்க, எனக்கு இங்க ஒரு வேலை இருக்கு" என்றார். தீம் பார்க்குக்கு வந்த இடத்தில் ரவுண்டானாவில் என்ன வேலை? கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

வாலு ராட்டினம், சறுக்கு, செயற்கை அலை என்று ஒன்று விடவில்லை. அக்கா எல்லாவற்றுக்கும் வெளியே பையைக் காத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒன்றுக்கொன்று மோதி விளையாடும் குட்டிக் கார்கள் இருந்த கூடாரத்துக்குப் போனோம். அதைப் பார்த்ததும் அக்கா பையை என்னிடம் கொடுத்துவிட்டு, வாலுவோடு ஒரு சிவப்புக் காரில் போய் உட்கார்ந்தாள்.

மற்ற எல்லாரும் மோதிக் குதூகலித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா யார்மேலும் இடிக்கவில்லை. இடிக்க வந்தவனையும் இடிக்க விடவில்லை. நெளிந்து வளைந்து, இடுக்கில் நுழைந்து, ஆளுக்கு வழிவிட்டு, கையைக் காட்டித் திரும்பினாள். விசில் வைத்திருந்த ஆள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இடிங்கம்மா! இடிக்கிறதுக்குத்தான் இது!" என்று கத்தினான். வாலுவோ, "அம்மா, ப்ளீஸ்மா, ஒரே ஒரு இடி" என்று கெஞ்சினாள். ம்ஹூம். மணி அடித்து இறங்கியதும் என்னிடம் வந்து, "பாத்தியா? ஒண்ணுகூட உரசல" என்றாள். மறுபடி வரிசையில் போய் நின்றாள். வாலு இந்தத் தடவை வேறு காரில் ஏறிக்கொண்டாள்.

சாயங்காலம் ஷட்டிலில் அக்கா சொன்னது சொன்னபடி நடந்தது. நிற்க இடமில்லை. ஈரத் துணிப் பை யாரோ ஒருவர் தோளில் சொட்டிக்கொண்டே வந்தது. ரவுண்டானாவில் பிதுங்கி இறங்கினோம்.

வண்டி விட்ட இடத்திலேயே நின்றது. அத்தான் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்கக் கிரீஸ். மூக்கிலும் ஒரு தீற்று. மடியில் ஒரு இரும்புத் துண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் அவர் காலடியில் இருந்த பிரேக் மிதி. கம்பியோடு, பஸ்ஸரோடு சேர்த்துக் கழற்றியிருந்தார்.

"பஞ்சர் கடையில ஸ்பேனர் வாங்கினேன்" என்றார். "இறுகிப் போய் இருந்துச்சு. ரொம்ப நாளா மிதிச்சது."

"காலையிலேருந்து இதுதான் வேலையா?" என்றாள் அக்கா.

"கழட்டினது கொஞ்ச நேரம். கழட்டலாமா வேணாமான்னு உக்காந்திருந்தது மிச்ச நேரம்."

"சாவிதான் கொடுத்தேன்ல. ஓட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"நீ கொண்டுவந்த வண்டி. நீ நிறுத்தின இடம். நான் எடுத்தா நல்லாருக்காது." சாவியை நீட்டினார்.

காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேர்த்து வைத்திருந்த நாலு கேள்வியையும் விழுங்கிவிட்டுச் சாப்பாட்டுப் பையைக் கொடுத்தேன்.

அக்கா ஓட்டினாள். லாரிகள் வந்தன, ஸ்கூட்டர்கள் குறுக்கே பாய்ந்தன, ஒருத்தன் போனில் பேசிக்கொண்டே ரோட்டைக் கடந்தான். ஒவ்வொன்றுக்கும் அத்தானின் வலது கால் வெறும் தரையை மிதித்தது. தொம், தொம் என்று சத்தம் மட்டும் கேட்டது. வண்டி அவருக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை. அக்கா மிதித்தபோது நின்றது, விட்டபோது போனது.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது வாலு என் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். அக்கா இறங்காமல், முன்னால் பார்த்தபடியே கேட்டாள்: "எப்படி ஓட்டினேன்?"

"தெரியல" என்றார் அத்தான். "பாதி வழி கண்ணை மூடிக்கிட்டேன்."

"அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன்?"

"நீ நல்லாத்தான் ஓட்டுற. போட்டிக் கடைக்காரன் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கான்." கொஞ்ச நேரம் மடியில் இருந்த மிதியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "மத்தவங்க ஓட்டுறப்ப, இடிச்சா வண்டிதானே போகும்னு இருக்கும். நீ ஓட்டுறப்ப அப்படி இருக்க முடியல. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? இதை அந்த ஆபீசர்கிட்ட எப்படிச் சொல்றது?"

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"நாளைக்கு வாலுவை ஸ்கூலுக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன்" என்றாள்.

"நானும் வரேனே" என்றார் அத்தான் அவசரமாக. உடனே முகம் சுருங்கியது. "ஆனா காலையில பசங்க பழக வருவாங்க. விடியறதுக்குள்ள இதைத் திரும்ப மாட்டியாகணும்."

"மாட்டிக்குங்க" என்றாள் அக்கா. "நீங்க பின்னாடி உக்காருங்க."